மாத்திரையைக் குறைத்த இரவு: ஒரு மீனவர் வீட்டில் பதினாறு நாட்கள்

ராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை வட்டாரம் ஒன்றில் நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியராக வேலை பார்க்கிறேன். குணமாகாத நோயோடு படுக்கையில் கிடப்பவர்களை அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்ப்பது, புண்ணைக் கழுவுவது, வலியைக் குறைப்பது, வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பது, இவைதான் அன்றாடம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கிய பிறகு, இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே பல ஊர்களில் தெரிய ஆரம்பித்தது.

இங்கே சொல்லப்போவது ஒரு வீட்டில் நடந்தது. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊர்ப் பெயர் கிடையாது, அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் செய்த தவறை மட்டும் மாற்றவில்லை.

நோயாளி அறுபது வயதைத் தாண்டிய நாட்டுப்படகு மீனவர். அவரை ஐயா என்றே குறிப்பிடுகிறேன். பன்னிரண்டு வயதில் வத்தையில் ஏறியவர். பீடிப் பழக்கம் உண்டு. நுரையீரலில் புற்று, கண்டுபிடித்தபோதே முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. வெளியூர் மருத்துவமனை ஒன்றில் கதிர்வீச்சு (‘கரண்டு வைப்பது’ என்பார்கள்) கொடுத்துவிட்டு, “இனிமே வீட்டுல வெச்சுப் பாத்துக்குங்க” என்று அனுப்பிவிட்டார்கள். மகளை வராந்தாவில் நிறுத்தி இரண்டு நிமிடம் பேசியதோடு சரி. ஐயாவின் மனைவி, அந்த அம்மாவிடமும் சொல்லவில்லை, ஐயாவிடமும் சொல்லவில்லை. நான் முதல் நாள் போனபோது மகள் வேலிப்படலுக்கு வெளியிலேயே என்னை நிறுத்திவிட்டாள்.

“அப்பாகிட்ட நெஞ்சுல புண்ணுன்னு மட்டும்தான் சொல்லியிருக்கோம் சிஸ்டர். நீங்களும் அதையே சொல்லுங்க.”

நான் தலையாட்டினேன். முதல் நாளே முறைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது. நோயாளி கேட்டால் பார்த்துக்கொள்வோம் என்று நினைத்துக்கொண்டேன். ஏழு வாரம் அவர் கேட்கவே இல்லை.

மாத்திரை அட்டை

வலிக்கு மார்பின் (morphine) என்கிற மாத்திரை. நம் ஊரில் இந்தப் பெயரைக் கேட்டதும் போதை, அடிமை, கடைசி மருந்து என்று மூன்று பயம் சேர்ந்து வருகிறது. 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியில், உண்மையான வலி நோயாளிகளுக்குக்கூட இது எட்டாமல் போனது. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வைத்துக் கொடுக்கலாம் என்று வழி செய்தார்கள். அந்தத் திருத்தம் இல்லையென்றால் இந்த ஐயாவின் தலைமாட்டில் அந்தச் சின்ன டப்பா இருந்திருக்காது.

இந்த வகை வாய்வழி மார்பின் நான்கு மணி நேரம்தான் தாங்கும். அதனால் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், வலி வந்த பிறகு அல்ல. அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் நான் படம் போட்டுக் கொடுத்தேன். காலை ஆறுக்கு உதிக்கிற சூரியன். பத்துக்குத் தராசு, அந்த ஊரில் மீன் ஏலம் முடிந்து எடை போடுகிற நேரம் அது. இரண்டுக்குச் சாப்பாட்டுத் தட்டு. மாலை ஆறுக்கு விளக்கு. இரவு பத்துக்கு இரண்டு நிலா. இரண்டு நிலா என்றால் இரண்டு மாத்திரை. நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பாமல் விடிய வரை தூங்க வைக்கிற கணக்கு. கூடவே மலமிளக்கி மாத்திரை, ஏனென்றால் மார்பின் மலச்சிக்கலைக் கொண்டுவராமல் விடாது. அந்த அம்மா ஒரு வேளை தவறவில்லை. அட்டையைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, கொடுத்து முடித்ததும் படத்துக்கு மேல் ஒரு புளியங்கொட்டையை மாவுப்பசையில் ஒட்டிவைப்பார்கள். மறுநாள் பெயர்த்துவிட்டு மறுபடி.

மகன் பிடிபட்ட பிறகு

ஐயாவின் மகன் ராமேஸ்வரத்தில் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். ஒருநாள் இரவு இலங்கைக் கடற்படை அந்தப் படகைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. இந்தக் கரையில் இதை விளக்க வேண்டியதில்லை. கோர்ட்டில் நிறுத்துவார்கள், காவல் போடுவார்கள், தவணை தவணையாக நீட்டிப்பார்கள், என்றைக்கு விடுவார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. மகள் மீனவர் சங்கத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். ஐயாவிடம் “கூலி நல்லாருக்குன்னு கொச்சிக்கு ஆழ்கடல் போட்டுக்குப் போயிருக்கான், அங்கெல்லாம் டவர் கிடைக்காது” என்று சொல்லிவைத்தார்கள். இந்த இரண்டாவது பொய்க்கும் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

அந்த வாரம் ஐயாவுக்கு வலி ஏறியிருந்தது. எங்கள் டாக்டர் ஐந்து மில்லிகிராமை வேளைக்குப் பத்தாக உயர்த்தினார். அளவை ஏற்றிய முதல் இரண்டு மூன்று நாள் மயக்கமாக இருக்கும், உடம்பு பழகியதும் தெளிந்துவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மகளுக்குத் தெரிந்தது, அப்பா கண்ணைத் திறக்காமல் கிடக்கிறார் என்பது மட்டும்.

“சிஸ்டர், தம்பி எந்நேரம் வேணும்னாலும் வரலாம்ங்குறாக. அவன் வர்றப்ப அப்பா இப்படி மயங்கிக் கெடந்தா அவன் தாங்குவானா? ராத்திரிக்கு ஒரு மாத்திரையை மட்டும் கொறைங்களேன்.”

மகன் பிடிபட்ட பத்தாம் நாள் சாயங்காலம் அது. அவள் கலெக்டர் ஆபீசிலிருந்து திரும்பி, முகம்கூடக் கழுவாமல் நின்று கேட்டாள். நான் டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் என் கையில் இல்லை. ஐயாவிடமே கேட்டிருக்கவும் வேண்டும்; தட்டி எழுப்பினால் நன்றாகப் பேசக்கூடிய நிலையில்தான் இருந்தார். இரண்டையும் செய்யவில்லை. “சரி, இன்னைக்கு ஒரு ராத்திரி பாப்போம்” என்றேன். அந்த அம்மா அட்டையில் ஒரு நிலாவின் மேல் விரலை வைத்து, “அப்ப இது வேணாமா நர்ஸம்மா?” என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

இரவு 2.20-க்கு போன் வந்தது. பேச்சுக்கு முன்னால் அவர் முனகுகிற சத்தம் கேட்டது. உடனே ஒரு மாத்திரை கொடுக்கச் சொன்னேன். ஆனால் வலி முந்திக்கொண்ட பிறகு மாத்திரை பின்னால் ஓட வேண்டியிருக்கிறது. அவர் கட்டிலில் படுக்க முடியாமல் உட்கார்ந்து, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தம் தெருவுக்குக் கேட்கக் கூடாது என்று துண்டைக் கடித்துக்கொண்டிருந்தாராம். அடங்க நாலு மணி ஆகிவிட்டது. காலையில் நான் போனபோது அந்தத் துண்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் பல் பட்டுக் கிழிந்திருந்தது.

“பய எங்க?”

அந்த அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார்கள். மகள் அடுப்படியில். நான் அவர் நாடியைப் பிடித்திருந்தேன்.

“நேத்து ராத்திரி ஒண்ணு கொறஞ்சுச்சே தாயி, ஏன்?”

எண்ணியிருக்கிறார். மயங்கிக் கிடக்கிறார் என்று நாங்கள் நினைத்த மனிதர், தன் நாக்கில் விழுந்த மாத்திரையை எண்ணியிருக்கிறார். என் தவறு என்று சொன்னேன். மகன் வரும்போது நீங்கள் விழித்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள், நான் உங்களைக் கேட்காமல் சரி என்றேன், இனிமேல் செய்ய மாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“எனக்கு என்ன சீக்குன்னு உன்னையக் கேக்க மாட்டேன். மதுரைப் பக்கம் கொண்டுபோய் கரண்டு வெச்சாகல்ல, அப்பவே தெரியும். என் அண்ணனுக்கும் இதான். பய எங்க? அதை மட்டும் சொல்லு.”

அவரிடமிருந்து மறைக்க வேண்டும் என்று இத்தனை வாரம் நாங்கள் பாடுபட்ட விஷயம் அவருக்கு முன்பே தெரியும். தெரியாதது மகனைப் பற்றித்தான்.

உலகச் செவிலியர் பேரவையின் நெறிமுறை 1953 முதல் இருக்கிறது. செவிலியரின் முதல் பொறுப்பு பராமரிப்பு தேவைப்படுகிறவர்களுக்கே என்கிறது அது. படிக்கிற காலத்தில் இதை மனப்பாடமாக எழுதியிருக்கிறோம். ஆனால் ‘தேவைப்படுகிறவர்கள்’ என்பதில் குடும்பத்தையும் சேர்த்துத்தான் அது சொல்கிறது. அந்த மகளும் என் பராமரிப்பில் இருப்பவள்தான். அவளுக்குக் கொடுத்த வாக்கும் வாக்குதான். இந்த மாதிரி நேரத்தில் நெறிமுறையின் ஒரு வரி பதிலாக வந்து நிற்காது. எனக்கு நானே வைத்திருக்கும் கணக்கு இது: நோயாளி கேட்காதபோது நானாகப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை; அவரே கேட்டுவிட்டால் பொய் சொல்லக் கூடாது. குடும்பச் செய்தியைக் குடும்பம்தான் சொல்ல வேண்டும். ஆனால் அது என்றைக்கோ அல்ல, அன்றைக்கே.

“ஐயா, அதை உங்க வீட்டம்மா சொல்லணும். சாயங்காலத்துக்குள்ள சொல்ல வைக்கிறேன். நான் கூட இருப்பேன்” என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மகள் என்மேல் கோபப்பட்டாள். “நெஞ்சு வெடிச்சிருவாக, உங்களுக்கு என்ன, நீங்க போயிருவீங்க” என்றாள். அவள் சொன்னதில் பாதி உண்மை. நான் போய்விடுவேன்தான். அவள்தான் இருக்க வேண்டும். நான் வாதாடவில்லை. “அவர் என்கிட்ட கேட்டுட்டார், நான் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். நீங்க சொன்னா நான் பக்கத்துல இருக்கேன்” என்று மட்டும் சொன்னேன். கடைசியில் அந்த அம்மாதான் கட்டில் ஓரம் உட்கார்ந்து சொன்னார்கள். “பயலை சிலோன்காரன் பிடிச்சிட்டுப் போயிட்டான். பதினோரு நாளாச்சு.”

அவர் நெஞ்சு வெடிக்கவில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டார். “அம்புட்டுத்தானா? கடல்ல போயிட்டானோன்னுல்ல இருந்தேன்” என்றார். பிறகு எந்தக் கோர்ட்டு, எத்தனை பேர், படகு யாருடையது என்று கேட்டார். அவரும் ஒரு காலத்தில் அங்கே போய்க் கிடந்து வந்தவர்தான். “சோறு போடுவாய்ங்க. பயப்படாத” என்று மகளுக்கு ஆறுதல் சொன்னார்.

பதினோரு நாளாக, மகன் முங்கிச் செத்துவிட்டான், அதை மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அந்த மனிதர் படுத்திருந்தார். வலியை பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று நான் ஒவ்வொரு முறையும் கேட்டுக் குறித்தேன். இந்த வலியை நான் கேட்கவில்லை. செவிலியராக இருந்து டாக்டரானவர் சிசிலி சாண்டர்ஸ். 1967-இல் லண்டனில் நவீன நோய் ஆதரவு இல்லத்தைத் தொடங்கியவர். உடம்பு, மனம், உறவு, நம்பிக்கை எல்லாம் சேர்ந்ததுதான் ‘முழு வலி’ என்று அவர் சொன்னதைப் பாடமாகப் படித்திருக்கிறேன். அதன் பொருள் எனக்கு அன்று அந்தக் கட்டில் பக்கத்தில்தான் விளங்கியது. மாத்திரை அளவை ஏற்றிய அந்த வாரம்தான் மகன் செய்தி நின்றுபோன வாரம் என்பதையும் அப்போதுதான் சேர்த்துப் பார்த்தேன்.

அவரே முடிவு செய்தது

அன்று டாக்டர் வீட்டுக்கு வந்தார். நான் குறைக்கும் முன்பிருந்த அளவே, இரண்டு நிலாவோடு. நான் செய்ததை நானே அவரிடம் சொன்னேன், பதிவேட்டிலும் எழுதினேன். பிறகு ஐயாவிடம் நேராகக் கேட்டோம்: மூச்சு முட்டினால் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவா? அங்கே குழாய் வைத்து மிஷினில் போட நேரலாம். “வேணாம். இங்கனயே கெடக்கேன். காத்து வருது” என்றார்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று மகளுக்குச் சந்தேகம், பின்னால் கேஸ் ஆகுமோ என்று. கண்ணியத்தோடு சாவதும் வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-இல் தீர்ப்புச் சொன்னது. உயிர்காக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கிற விருப்ப ஆவணத்துக்கு முதலில் மாஜிஸ்திரேட் வரை போக வேண்டியிருந்தது; 2023 ஜனவரியில் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றார்கள். உயிர்காக்கும் கருவியை நிறுத்த இரண்டு கட்ட மருத்துவக் குழு வேண்டும். ஆனால் இந்த வீட்டில் நிறுத்த எந்தக் கருவியும் இல்லை. நினைவு தெளிவாக இருக்கிற ஒருவர் எனக்கு ஆஸ்பத்திரி வேண்டாம் என்கிறார், அவ்வளவுதான். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி, கைநாட்டு வாங்கி, டாக்டரும் வீட்டார் இருவரும் கையெழுத்திட்டார்கள்.

ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. மும்பையில் 1973-இல் தாக்கப்பட்டு 42 ஆண்டுகள் நினைவின்றிக் கிடந்த செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில், 2011 தீர்ப்பு அவருக்காகப் பேசும் உரிமை அவரை அன்றாடம் பார்த்துக்கொண்ட மருத்துவமனை ஊழியர்களுக்கே என்றது. ராத்திரி பகலாகப் புரட்டிப் படுக்கவைத்துப் படுக்கைப்புண் வராமல் காத்தவர்கள் அந்தச் செவிலியர்கள். அப்படி இருந்தும் பிற்பாடு வந்த மருத்துவக் குழு விதிகளில் செவிலியருக்கு இடமில்லை; உட்காருவது டாக்டர்கள் மட்டும்தான். இது சரியில்லை என்று நினைக்கிறேன். டாக்டரிடம் கேட்காததை நோயாளி எங்களிடம் கேட்கிறார். அந்தப் பதில் குழுவின் மேசைக்குப் போகவும் ஒரு வழி வேண்டும்.

பதின்மூன்றாம் நாள் காலை ஐயா மகனிடம் பேச வேண்டும் என்றார். அங்கே போன் போட வழியில்லை. மகளின் போனில் பதிவு செய்து வைக்கலாம் என்று அவரே சொன்னார். பத்து மணி மாத்திரை கொடுத்து முக்கால் மணி நேரம் கழித்து உட்காரவைத்தேன். வலி இறங்கியிருக்கும், மயக்கமும் அதற்குள் தெளிந்திருந்தது. விழித்திருக்க வைக்க மாத்திரையைக் குறைக்க வேண்டியதில்லை, நேரம் பார்த்தால் போதும் என்பதை முந்தின வாரமே நான் மகளுக்குச் சொல்லியிருக்கலாம்.

பதினோரு நிமிடம் பேசினார். மூச்சு வாங்கி வாங்கி. பாசமாக ஒரு வார்த்தை இல்லை. கமிஷன்காரருக்கு இன்னும் எவ்வளவு பாக்கி, எஞ்சினை யாரிடம் காட்ட வேண்டும், கரையில் இருக்கிற ஒற்றைப் பனையையும் கோயில் கோபுரத்தையும் எப்படி நேராக வைத்தால் மீன் கூடுகிற அந்தக் கடலடிப் பாரைக் கண்டுபிடிக்கலாம் என்கிற கணக்கு. “பனை விழுந்துட்டா அதுக்கு வடக்க தண்ணித்தொட்டியைப் பிடிச்சுக்க” என்று முடித்தார்.

பால்

பதினாறாம் நாள் காலையிலிருந்து நினைவில்லை. தொண்டையில் சளி உருளுகிற சத்தம். ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். ஓய்ந்துவருகிற உடம்பால் அந்தத் தண்ணீரைக் கையாள முடியாது. வீக்கமும் சளியும்தான் கூடும் என்று சொல்லி, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். சத்தம் குறைந்தது.

அப்போது ஐயாவின் அக்கா, எண்பது வயதிருக்கும், ஒரு டம்ளர் பாலோடு வந்தார்கள். அந்தப் பால் என்ன பால் என்று எல்லாருக்கும் தெரியும். விழுங்க முடியாதவர் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். ஊற்றக் கூடாது என்றால், கூடப் பிறந்தவளின் கடைசிக் கடமையை நான் பிடுங்கிக்கொண்டதாக ஆகும். “தொண்டை நனையாம என் தம்பி போகக் கூடாதும்மா” என்றார்கள். நான் பஞ்சை எடுத்து அவர்கள் கையிலேயே கொடுத்தேன். பாலில் நனைத்துப் பிழிந்து, உதட்டையும் கன்னத்து உள்பக்கத்தையும் தடவச் சொன்னேன். அக்கா தடவினார்கள், பிறகு அந்த அம்மா, பிறகு மகள். டம்ளரில் பால் அப்படியே இருந்தது. யாரும் குறையாக நினைக்கவில்லை.

இரண்டு மணி மாத்திரையை டாக்டர் சொன்னபடி பொடித்து, சொட்டுத் தண்ணீரில் கரைத்து, கன்னத்துக்குள் வைத்தது அந்த அம்மாதான். 3.10-க்கு மூச்சு நின்றது.

சாயங்காலம், கூட்டத்துக்கு நடுவே, என்னைத் தனியாக இழுத்துக் கேட்டார்கள்: “நான் வெச்ச மாத்திரையிலதான் போனாகளா?”

இந்தக் கேள்வி எங்களுக்கும் வரும். மருந்து கொடுத்த கைக்கு எப்போதும் வரும். மார்பின் அளவு மிஞ்சினால் மூச்சு மெதுவாகும், நிமிடத்துக்கு எட்டுக்கும் கீழே இறங்கும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். இரண்டு மணிக்கு நான் எண்ணியபோது மூச்சு 26 இருந்தது, கண்மணி சுருங்கவில்லை. அளவும் பல நாளாகக் கொடுத்துவந்த அதே அளவு. இதையெல்லாம் அவர்களிடம் இப்படிச் சொல்லவில்லை. “இல்லைம்மா. நீங்க வெச்ச மாத்திரையிலதான் வலியில்லாமப் போனாங்க. நான் எண்ணிப் பாத்தேன்” என்றேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, எண்ணியிருந்தேன். அந்த எண் பதிவேட்டில் இருக்கிறது.

எங்கள் குழுவில் இதைப் பேசினோம். இப்போது முதல் வருகையிலேயே நோயாளியிடம் தனியாக ஒன்று கேட்கிறோம்: உங்கள் நோயைப் பற்றி உங்களுக்கே எல்லாம் தெரிய வேண்டுமா, இல்லை வீட்டில் யாரிடமாவது சொன்னால் போதுமா? போதும் என்று சொல்கிறவர்களும் உண்டு. அது அவர்கள் விருப்பம். மயக்கம் இரண்டு மூன்று நாளில் தெளியும் என்பதை அளவை ஏற்றுகிற அன்றே வீட்டாருக்குச் சொல்கிறோம். எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் வந்தது. அது நியாயம்.

மகன் விடுதலையாகிச் சென்னை வழியாக ஊர் வந்து சேர்ந்தபோது ஐயாவின் முப்பதாம் நாள் காரியம் முடிந்திருந்தது. ஒரு நாள் சாயங்காலம் என்னைத் தேடி வந்தான். பதிவைக் கேட்டுவிட்டான்.

“நான் எங்க இருந்தேன்னு அப்பாவுக்குத் தெரியுமாக்கா?”

“தெரியும் தம்பி.”

“எத்தனை நாளாத் தெரியும்?”

“அஞ்சு நாள்” என்றேன். அதற்கு முந்தைய பதினோரு நாளைப் பற்றி அவன் கேட்கவில்லை. பத்தாம் நாள் இரவையும் சேர்த்து நானே சொன்னேன்.